வியோனேக்கு விழுந்த கம்பி

மெல்பர்னில் உடை வடிவமைப்புப் படிக்கும் சஜிதாவுக்கு ஒரே தெய்வம் மதலேன் வியோனே. நூறு வருடங்களுக்கு முன் பாரிஸில், பெண்களின் இடுப்பை நெரித்த கம்பிக் கச்சையைக் கழற்றிப் போட்டவர். துணியை மூலைவாட்டாக வெட்டி, உடம்பின்மேல் தண்ணீராக வழிய விட்டவர். சின்ன வயதிலேயே தையற்கூடத்துக்கு வேலைக்குப் போனவர். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு, அவள் அம்மா மிருணாளினிக்கு வியோனே ஏதோ தூரத்துச் சொந்தம்போல் ஆகிவிட்டார். பிடிக்காத சொந்தம்.

"எங்கட சனத்தில ஒராளாவது நீ தச்சதைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வரட்டும். பாத்த சனம் நல்லதெண்டு சொன்னா இதையே படி. இல்லையெண்டா பார்மசி" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்த ஒராள் கிடைத்தாள். தவநாயகி அன்ரியின் மகள் தர்சினி பெரியவளானதற்குச் சாமத்தியவீடு. பல்லக்கு, ஆலாத்தி, நாலு சேலை மாற்றம் எல்லாம் முடிந்து, கேக் வெட்ட ஒரு பிரெஞ்சு கவுன் வேண்டுமாம். பண்பாட்டில் அதற்கும் இடமிருந்தது.

சஜிதா துணியை மூலைவாட்டாக வெட்டி, கனவில் நடப்பவள்போல் தைத்தாள். அளவு பார்த்த அன்று அன்ரி கவுனைச் சுற்றி வந்தார்.

"பிள்ளைக்கு வண்டி தெரியுது" என்று தர்சினியின் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"அது வண்டியில்லை அன்ரி, உடம்பு."

"வீடியோக்காரனுக்கு ரெண்டும் ஒண்டுதான். உள்ளுக்குக் கம்பி வை."

சஜிதா வியோனேயில் தொடங்கிப் பெண் விடுதலையின் வரலாற்றைச் சொன்னாள். அன்ரி பொறுமையாகக் கேட்டார்.

"அவவின்ர உடுப்போட ஆரும் அறுநூறு பேருக்கு முன்னால கேக் வெட்டினவையோ?"

சஜிதா, விடுதலை பெற வேண்டியவளைப் பார்த்தாள். தர்சினி போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அக்கா, கம்பி கேட்டதே நான்தான். எல்லாரும் போடுகினம். ப்ளீஸ்."

ஒரு பக்கம் வியோனே, மறுபக்கம் பார்மசி. சஜிதா ஒரு நாள் முழுக்கக் கொள்கையோடு இருந்தாள். மறுநாள் போய்க் கம்பி வாங்கினாள்.

மண்டபத்தில் தர்சினி மூச்சுவிடாமல் நடந்து வந்தாள். சனம் மூச்சுவிடாமல் பார்த்தது. "உங்கட மகளோ தச்சவ?" என்று மூன்று பேர் கேட்டதும் மிருணாளினியின் முகத்திலிருந்து பார்மசி மறைந்தது.

"படி" என்றார்.

சஜிதா நன்றி சொல்வதற்குள் இராஜேஸ்வரி அன்ரி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"பிள்ளை, எனக்கும் ஒண்டு. ரெண்டு கம்பி கூட வை."

பிரெஞ்சு உடைக் கலையில் தன் எதிர்காலத்தைக் காப்பாற்றிக்கொண்ட சஜிதா, அன்ரியின் இடுப்பை அளக்கத் தொடங்கினாள்.