கேமராவுக்கு வைத்த பொட்டு

அந்த ஜெர்மன்காரனை நான் இனிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக இல்லை. உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று ஒரே ஒருமுறை சொல்கிறேன்: மத்தியாஸ்.

எர்ணாவூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கப்பல்களுக்கு ஷாஃப்ட் கடைகிறோம். எங்கள் குப்பத்திலிருந்து அங்கே நிரந்தர வேலை கிடைத்த ஒரே பெண் நான். இரும்பைக் கடையும் பெரிய லேத் நான்கும் என் பொறுப்பு. கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு நாடுகளுக்கும் எங்கள் சரக்கு போகிறது. நம் நாடு யார் பக்கமும் இல்லை, அதனால் யாருக்கும் விற்கலாம் என்பார் முதலாளி.

அந்த ஜெர்மன்காரன், சரக்கு வாங்கும் ஒரு கம்பெனி சார்பில் தரம் பார்க்க வந்தவன் என்றார்கள். நான்கு மாதம் இருந்தான். என் அம்மா கோவிந்தம்மா வைத்த சங்கரா மீன் குழம்பை விரலால் வழித்துத் தின்று, எங்களிடம் கற்ற தமிழில் "அம்மா, சூப்பரா கீது" என்றான். அம்மா உருகிவிட்டாள். "இன்னா நைனா, இளைச்சுகினே போற, நல்லா துன்னு" என்று இன்னொரு துண்டு வைத்தாள். என்னை அக்கா என்றான். எனக்குத் தம்பி கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு சொல்லில் நான் குளிர்ந்துபோனேன்.

ஆயுத பூசை அன்று காலையில் லேத்துகளைத் துடைத்து, பழைய எண்ணெயை வடித்து, புது எண்ணெய் ஊற்றினேன். பிறகு சந்தனம், குங்குமம். எங்கள் ஷெட்டில் அன்றைக்குப் பொட்டு இல்லாத பொருளே இருக்காது. ஸ்பானருக்கும் உண்டு, தீயணைக்கும் சிலிண்டருக்கும் உண்டு. பொட்டு வைத்தபின் மறுநாள் காலை வரை எதையும் யாரும் தொடக் கூடாது.

அவன் அண்ணாந்து பார்த்தான். "அக்கா, அதுக்கு இல்லியா?"

லேத்துகளுக்கு மேலே கேமரா.

"அட ஆமால்ல! அதுவும் நம்ம கூடத்தானே வேல பாக்குது!" சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினேன். அவன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான். கேமராவுக்கு நெற்றி ஏது? கண்ணாடியிலேயே வைத்தேன்.

"நல்லா பெருசா, அக்கா."

சந்தனத்தைப் பெரிதாகவே அப்பினேன்.

எல்லோரும் பொரி வாங்க முன்வாசலுக்குக் கிளம்பினோம். கால் வலிக்கிறது, கொஞ்சம் குந்திவிட்டுப் பூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். சாவியைக் கொடுத்தேன். அறிவுகெட்டவள், நானே கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வந்து சாவியைத் தந்தான். என் தட்டிலிருந்து ஒரு பிடி பொரி அள்ளி எல்லோரோடும் நின்று தின்றான்.

மறுநாள் கற்பூரம் காட்டி லேத்துகளை ஓட்டினோம். பத்து நிமிடத்தில் நான்கும் ஒவ்வொன்றாகக் கத்தி நின்றன. கியர்பாக்ஸைத் திறந்தால் பல்லெல்லாம் தேய்ந்து கிடந்தது. எண்ணெயில் கறுப்பாக ஒரு தூள். விரலில் தேய்த்தால் சாணைக்கல் பொடி மாதிரி நறநறத்தது. அவன் விடிவதற்குள் விமானம் ஏறியிருந்தான். அவன் சொன்ன கம்பெனி, அப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை என்றது.

விசாரிக்க வந்த அதிகாரி கிறிஸ்டினா கெட்டவர் இல்லை. "எதிரிக்கு ஷாஃப்ட் போகக் கூடாதுன்னு, சண்டை போடுற ரெண்டு நாட்ல ஒண்ணு அனுப்பின ஆளா இருக்கலாம்மா. ஆனா ஆதாரம்? எண்ணெய் ஊத்தினது நீ. சாவி உன்னோடது. அவன் எங்ககூடத்தான் பொரி தின்னான்னு ஆறு பேர் சொல்றாங்க."

"கேமராவப் பாருங்க மேடம்!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது.

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். திரை முழுக்க என் முகம். பல் தெரியச் சிரிக்கிறேன். விரல் கிட்டே வருகிறது. அப்புறம் மஞ்சள், வெறும் மஞ்சள். ஏணியைப் பிடித்த கை எந்த மூலையிலும் இல்லை. எங்கே நின்றால் படத்தில் விழ மாட்டோம் என்று பாவி நான்கு மாதமாகப் பார்த்து வைத்திருக்கிறான். என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே பார்த்து வைத்திருக்கிறான்!

என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். பாஸ்போர்ட், போன் நம்பர் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு, ஊரைவிட்டுப் போகாதே என்றார்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு என் போனை எடுத்து என் கையிலேயே திணித்தாள்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு போன் போடு. எங்க அக்கா செய்யலன்னு அது வந்து சொல்லும். நம்ம வூட்ல துன்ன புள்ள, சொல்லாம பூடுமா?"

அம்மாவுக்காக அடித்தேன். காலையிலிருந்து அது இருபத்து மூன்றாவது முறை.