நுப்பெலுக்குக் கொடுத்த சட்டை

தன் உயிரைத் தானே இஸ்திரி போட்டு, மடித்து, சிரித்த முகத்தோடு இன்னொருவன் கையில் கொடுத்த ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் சோலைராஜ் ஒருவராகத்தான் இருக்கும்.

அது 1987, மாசி மாதம். சோலைராஜுக்கு இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்கீப்பர் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். மாடியில் இருந்த ஒற்றை அறையில் ஆறு மாதமாக ஹோல்கர் என்ற ஜெர்மன் மாணவன் குடியிருந்தான். கொலோன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிறவன். ஆறடிக்கு மேல் உயரம். தினம் ஒருமுறை வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு, நிலையைப் பார்த்து "மன்னிக்கவும்" என்பான். முதல் நாள் வந்து, "அம்மையீர், குடிநீர் கிடைக்குமா?" என்று கேட்டபோது சோலைராஜின் மனைவி செல்லத்தாய் செம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஏங்க, இந்தப் பையன் ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரில்லா பேசுதான்!"

அந்த வியாழக்கிழமை காலை அவன் காபி குடிக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது. எங்கள் ஊரில் இன்று கார்னிவல் தொடக்கம், தெருவெல்லாம் வேடம் கட்டி ஆடுவார்கள், பெண்கள் கத்தரிக்கோலோடு வந்து ஆண்களின் கழுத்து டையை வெட்டுவார்கள், நான் மட்டும் இங்கே இருக்கிறேன் என்றான்.

"வெட்டுனா ஆம்பளைக சும்மாவா இருப்பாக?" என்று கேட்டாள் செல்லத்தாய்.

"சிரிப்பார்கள். முத்தமும் தருவார்கள்."

"அடப்பாவமே. இவியகிட்ட டை இல்ல. மீசை இருக்கு. கத்தரிக்கோல் கொண்டு வரவா?"

சோலைராஜுக்கு மனசு இளகிவிட்டது. அடுத்தவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்தால் தாங்காது. அந்தக் குணத்தால் அவர் இழந்த குடைகள் மட்டும் நான்கு. "என்ன தம்பி வேணும், சொல்லு" என்றார்.

"வைக்கோலால் ஒரு மனிதன் செய்து வாசலுக்கு மேலே தொங்கவிட வேண்டும். நுப்பெல் என்று பெயர். தங்களுடைய பழைய சட்டை ஒன்று கிடைக்குமா?"

திருஷ்டி பொம்மை மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டார். கம்பெனியிலிருந்து கழிவுப் பஞ்சு ஒரு சாக்கு கொண்டுவந்து தலைக்கு அடைத்துக் கொடுத்தார். தன்னுடைய நீலக்கட்டம் போட்ட சட்டையை எடுத்து, பழசாக இருந்தாலும் மரியாதையாக இருக்கட்டும் என்று இஸ்திரியும் போட்டுக் கொடுத்தார். மாடி அறை வாசலுக்கு மேலே நுப்பெல் ஏறி உட்கார்ந்துகொண்டது. லேசான தொந்தியோடு, அந்தச் சட்டையில் அசப்பில் அவரைப் போலவே இருந்தது. தெருவில் போகிறவர்கள் "என்ன ஸ்டோர்கீப்பரே, மாடிக்குக் குடி போயிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவரும் சிரித்தார்.

அப்புறம்தான் ஹோல்கர் மீதியைச் சொன்னான். "வருகிற செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் இவரைக் கீழே இறக்கி, அழுது புலம்பி, ஆண்டு முழுதும் நாம் செய்த குற்றங்களை எல்லாம் இவர்மீது சுமத்தி, தீயிட்டுக் கொளுத்துவோம்."

சோலைராஜின் சிரிப்பு பல்லில் ஒட்டிக்கொண்டு நின்றது.

ஒருத்தன் உடுத்திய துணியைப் பொம்மைக்குப் போட்டு எரித்தால் அவனுக்கு என்ன ஆகும் என்பதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தருவதில்லை. ஆனாலும் ஊரில் தெரியாத ஆள் கிடையாது. அதுவும் செவ்வாய்க்கிழமை. போதாக்குறைக்கு, தைப் பொங்கல் கழிந்து அவர் யாருக்கும் தெரியாமல் இராஜபாளையத்துத் தனுஷ்கோடி சோசியரிடம் போய் ஜாதகத்தைக் காட்டியிருந்தார். சோசியர் வெற்றிலையை மென்றுகொண்டே, "நாப்பத்திரெண்டு வயசா? தீயில ஒரு கண்டம் இருக்கு. மாசி தாண்டிட்டா எண்பது வரைக்கும் அசைக்க முடியாது" என்றிருந்தார். அன்றிலிருந்து சோலைராஜ் அடுப்படிப் பக்கம் போவதில்லை. பீடியை விட்டுவிட்டார். செல்லத்தாய் அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது தீ வீடு தேடி வந்து, மாடியில் வாடகைக்கும் இருந்தது.

'தம்பி, பயமா இருக்கு, சட்டையைக் கழற்று' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த வாசலையும் அவரே அடைத்து வைத்திருந்தார். போன மாதம் ஹோல்கர் டேப் ரெக்கார்டரை முன்னால் வைத்து ஊர் நம்பிக்கைகளைப் பற்றிக் கேட்டபோது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சோசியம், செய்வினை, ஏவல் இவையெல்லாம் சோம்பேறிகளின் பிழைப்பு. நான் அறிவியல் படித்தவன்" என்று சுத்தத் தமிழில் முழங்கியிருந்தார். படித்தது எஸ்.எஸ்.எல்.சி. ஆனாலும் அந்த கேசட் ஜெர்மனிக்குப் போய் அலமாரியில் உட்காரப் போகிறது. தமிழ்நாட்டின் ஒரே விஞ்ஞானி ஒரு பழைய சட்டைக்கு அழுதான் என்று அங்கே யாரும் எழுதி வைத்துவிடக் கூடாது.

"நடுராத்திரியெல்லாம் வேண்டாம் தம்பி. சாயங்காலம் ஆறரைக்கு வச்சுக்கிடுவோம். தெருவுல எல்லாரும் பார்க்கலாம்" என்று மட்டும் பேரம் பேசினார். இருட்டில் சாவதற்கும் அவருக்குப் பயம்.

வெள்ளி, சனி, ஞாயிறு. சோறு இறங்கவில்லை. படியேறி இறங்கும்போதெல்லாம் நுப்பெல் அவரையே பார்த்தது. கழிவுப் பஞ்சு அடைத்த முகத்தில் கண்ணே கிடையாது. ஆனாலும் பார்த்தது. ஞாயிறு மாலை நெஞ்சுக்குழியில் சுரீரென்றது. செல்லத்தாய் ஓமத்தண்ணீர் கொடுத்து, "மொச்சைய அம்புட்டு திங்காதீகன்னு சொன்னேன்லா" என்றாள். மரண வேதனைக்கு வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஹோல்கர் ஆண்டாள் கோவிலுக்குப் போயிருந்தான். செல்லத்தாய் ரேஷன் கடையில் நின்றாள். சோலைராஜ் விடுவிடுவென்று மாடியேறி நுப்பெலின் சட்டையைக் கழற்றிவிட்டார். கழற்றிய பிறகுதான் மூளை வேலை செய்தது. வேறு என்ன போடுவது? தன் துணி எதுவும் ஆகாது. வெறும் வைக்கோலாக விட்டால் பையன் கேள்வி கேட்பான். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீடு சங்கிலிப்பாண்டியுடையது. செல்லத்தாயின் கூடப்பிறந்த அண்ணன். சோலைராஜ் தினமும் வேலைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். மூன்று வருடத்துக்கு முன்னால், சோலைராஜின் மகள் காதுகுத்தில், தாய்மாமனான சங்கிலிப்பாண்டிக்கு முதல் பந்தியில் இலை போட மறந்துபோனார்கள். அன்று நின்ற பேச்சுதான். ஆனாலும் பஸ் ஒன்றுதானே? சோலைராஜ் ஏறுவார்; சங்கிலிப்பாண்டி ஒன்றும் கேட்க மாட்டார்; டிக்கெட்டைக் கிழித்து இவருடைய சட்டைப் பையில் செருகிவிட்டு, ஜன்னலைப் பார்த்து விசில் ஊதுவார். மூன்று வருடம், போக ஒன்று, வர ஒன்று.

கையை நீட்டினால் கொடி எட்டியது. காக்கி நுப்பெலுக்குப் பாந்தமாகவும் இருந்தது.

"எலி கடிச்சிட்டுது தம்பி, அந்தச் சட்டைய. இது கெடந்துது, போட்டேன்" என்று பொய் சொன்னார். ஹோல்கர் நன்றி சொல்லிவிட்டு நிலையில் இடித்துக்கொண்டான். இரவு சாப்பிடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் சங்கிலிப்பாண்டியின் மனைவி, "கொடியில கெடந்த சட்டை எங்க போகும்? காத்துல பறந்துட்டோ?" என்று தேடிக்கொண்டிருந்தாள். சோலைராஜ் நான்கு நாளைக்குப் பிறகு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

செவ்வாய் காலை பஸ்ஸில் ஏறியபோதுதான் தெரிந்தது, பயம் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று. மாற்றுச் சட்டை இல்லாமல் முந்தின நாள் போட்ட அழுக்குச் சட்டையோடு நின்றார் சங்கிலிப்பாண்டி. கக்கத்தில் உப்புப் பூத்திருந்தது. காதோரம் நரை. இந்த நரை எப்போது வந்தது? வண்டி பிரேக் போட்ட ஒவ்வொரு தரமும் படியில் தொங்கிய சங்கிலிப்பாண்டியைப் பார்த்து சோலைராஜ் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். தீயில்தான் என்று என்ன நிச்சயம்? எரிவது மாலையில் என்றால் காரியம் காலையிலேயே தொடங்கிவிடாதா? செல்லத்தாய் விழுந்து புரண்டு அழுவது கண்ணுக்குள் வந்தது. 'எங்க அண்ணனை யாரு என்ன செஞ்சாகளோ' என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. சங்கிலிப்பாண்டி வழக்கம்போலப் பேசாமல் டிக்கெட்டைச் சட்டைப் பையில் செருகினார். விரல் நெஞ்சில் பட்டது. வெதுவெதுவென்று, உயிரோடு இருந்தது.

அன்றைக்குக் கம்பெனியில் நூல் பேல் கட்டுகளை நான்கு தரம் எண்ணினார். நான்கு விதமாக வந்தது.

மாலை ஆறரைக்குத் தெரு கூடிவிட்டது. ஹோல்கர் கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, நுப்பெலைத் தோளில் தூக்கி வந்து முச்சந்தியில் கிடத்தினான். தெருமுனையில் இட்லி விற்கும் சீனியம்மாள் பார்த்தவுடன் கையைத் தட்டினாள்.

"இது நம்ம கொடும்பாவில்லா! மழை இல்லேன்னா கட்டி இழுத்து, ஒப்பாரி வச்சு எரிப்போமே. ஐப்பசியும் ஏமாத்திப்புட்டு. நல்ல காரியம் செஞ்சே, வெள்ளைக்காரத் தம்பி!"

யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை, தலைமுடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து ராகம் எடுத்தாள்.

"காக்கி உடுப்புப் போட்டுக் காலையில போனவரே,
ஏறுன எடத்துலயே எறங்காமப் போனீரே..."

சோலைராஜ் ஒரு அடி பின்வாங்கினார். ஒப்பாரி ஆள் பார்த்துத்தான் வந்திருக்கிறது.

ஹோல்கர் ஒரு தாளை விரித்து உரக்க வாசித்தான். "நான் எழுதிய தேர்வில் பிழைகள் மிகுந்தமைக்கு யார் காரணம்?" முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அவனே நுப்பெலைக் காட்டி, "இவர்!" என்றான். அப்புறம் தெரு பிடித்துக்கொண்டது.

"எம் மாவு புளிச்சது யாரால?" என்றாள் சீனியம்மாள்.

"இவனால!"

"எம் புருசன் திடீர்னு பீடிய விட்டது யாரால?" என்றாள் செல்லத்தாய்.

"இவனால!" சோலைராஜ் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

டூட்டி முடிந்து வந்த சங்கிலிப்பாண்டி கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். சிரித்துக்கொண்டிருந்த தங்கச்சியை ஒரு தரம் பார்த்தார். பை தோளில் தொங்க, மெல்ல முன்னால் வந்தார்.

"கூடப்பொறந்தவ வீட்டு வாசல்படிய, ஒரு எலைச் சோத்துக்காக, மூணு வருசம் மிதிக்காம இருந்தது யாரு?" விரலை நீட்டி, அது தன் சட்டை என்று தெரியாமலே, காக்கி போட்ட பொம்மையைக் காட்டினார். "இந்தப் பயதான். இவனைக் கொளுத்துங்க."

யாரும் 'இவனால' சொல்லவில்லை. செல்லத்தாயின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயா, தாங்களும் ஏதேனும் கூறுகிறீர்களா?" என்று சோலைராஜைக் கேட்டபடி ஹோல்கர் தீக்குச்சியை உரசினான்.

"அணைலே!"

ஆறு மாதத்தில் ஹோல்கரை அவர் 'லே' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் பயந்துபோய்க் குச்சியை ஊதினான். சோலைராஜ் மண்ணில் முழங்காலிட்டு நுப்பெலின் பொத்தான்களைக் கழற்றினார். காக்கியை உருவிப் பக்கத்தில் போட்டார். பிறகு தான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைக்கோலுக்கு மாட்டினார். தெருவே பார்க்க, தொந்தியும் வெற்று மாருமாக நின்றார்.

வீரம் என்று நினைத்துவிடக் கூடாது. செத்தால் ஒரு நாள் காரியம். சங்கிலிப்பாண்டி செத்து இவர் பிழைத்தால், தினம் இரண்டு தரம் அந்த பஸ்ஸில் ஏற வேண்டுமே? டிக்கெட்டை யார் வந்து செருகுவார்?

"என்னங்க இது?" என்றாள் செல்லத்தாய்.

"சட்டை மாறிப்போச்சு" என்றார். "இப்பக் கொளுத்து தம்பி. சீக்கிரம்."

சங்கிலிப்பாண்டி குனிந்து காக்கியை எடுத்து, கழுத்துப் பட்டியின் உள்பக்கம் வண்ணான் போட்ட குறியைப் பார்த்தார். சோலைராஜைப் பார்த்தார். சட்டையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பஞ்சு குப்பென்று பிடித்தது. வெள்ளைச் சட்டை நெஞ்சிலிருந்து கறுத்துச் சுருண்டது. சட்டைப் பையிலிருந்து காலையில் செருகிய டிக்கெட் வெளியே எழும்பி, எரிந்துகொண்டே பறந்து, சாம்பலாகி அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. சோலைராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். இருநூறு வரை எண்ணியும் சாகவில்லை. குளிர்ந்தது. செல்லத்தாய் முந்தானையை எடுத்து அவர் முதுகில் போட்டாள்.

விடிந்ததும் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு வந்தது. வாசலுக்கு வந்தால், ஹோல்கர் நெற்றி நிறையச் சாம்பலோடு நிற்கிறான்.

"அய்யோ, அது யாரு சாம்பல் தம்பி?"

"தேவாலயத்தில் இட்டார்கள், ஐயா. இன்று சாம்பல் புதன். குற்றங்கள் எல்லாம் எரிந்துவிட்டன."

'கண்டமும் எரியுமா' என்று நாக்கு நுனி வரை வந்தது. கேசட்டை நினைத்து அடக்கிக்கொண்டார்.

எட்டு மணி பஸ்ஸில் கூட்டம். படியில் ஒரு காலை வைத்துத் தொற்றினார். சங்கிலிப்பாண்டி அந்தக் காக்கியைத்தான் போட்டிருந்தார். தோளில் ஒரு வைக்கோல் துணுக்கு இன்னும் ஒட்டியிருந்தது. டிக்கெட்டைக் கிழித்தார். சட்டைப் பைக்கு வந்த கை பாதியில் நின்றது.

"மாப்ள, படியில நிக்காதீரு. உள்ள வாரும்." மூன்று வருடத்துக்கு அப்புறம் வந்த குரல், துருப்பிடித்த கேட் மாதிரி இருந்தது. "தீயில கண்டம்னா, பஸ்ஸுல விழ மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்கா?"

சோலைராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒமக்கு எப்படித் தெரியும் மச்சான்?"

"தனுஷ்கோடி சோசியரு நம்ம வண்டியிலதான வாராரு. போன மாசமே சொல்லிட்டாரு." குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சிக்குச் சொல்லல. எரியறதுக்கு நீரு என் சட்டையக் குடுத்ததையும் சொல்லல."

சோலைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். சங்கிலிப்பாண்டி அவரை நெருக்கி, காதுப்பக்கம் குனிந்தார்.

"எனக்கும் மாசி முடியிற வரைக்கும்தானாம். தண்ணியில."

பஸ் கண்மாய்க் கரையில் ஏறியது. அந்த வருடம் கண்மாயில் ஆட்டுக்குட்டி குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் சங்கிலிப்பாண்டி கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். சோலைராஜ் அவருடைய காக்கிச் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். கரை இறங்கும் வரை இருவரும் விடவில்லை.

மாசி முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.