எட்டு டின் வெந்நீர்

இரண்டு டின்களையும் காவடிக் கட்டையில் மாட்டித் தோளுக்கு ஏற்றி நிமிரப் பார்த்தான் கரியன். இடுப்பு நிமிரவில்லை. முதுகுத்தண்டின் அடியில் யாரோ கடப்பாரையைச் செருகி நெம்பின மாதிரி வலி. டின்கள் கவிழ்ந்து வெந்நீர் அடுப்படித் தரையெங்கும் ஆவி பறக்க ஓடியது. அவன் குனிந்த வாக்கிலேயே நின்றான். உட்காரவும் முடியவில்லை.

வத்தல்மலை மேல் இருந்த அந்த ஓட்டலுக்கு மார்கழியிலும் தையிலும் துரைமார்கள் குளிர் கொண்டாட வருவார்கள். கார் அடிவாரம் வரைக்கும்தான், அப்புறம் ஆள் சுமக்கும் டோலி. ரூமுக்கு ரூம் கணப்பு, கால் புதையக் கம்பளம், எட்டு ரூமுக்கும் பீங்கான் பூசின இரும்புக் குளியல் தொட்டி. ஏழாம் நம்பர்த் தொட்டியைச் சுமந்து ஏற்றிய பத்துப் பேரில் கரியனும் ஒருத்தன். மூங்கில் கட்டி இரண்டு பகல் சுமந்தார்கள். வழியில் கரியனின் மச்சினன் தீர்த்தனின் கால்விரல் இரண்டு அதன் அடியில் நசுங்கிப் போயின. மூன்று வருஷமாக அந்தத் தொட்டிக்குக் கரியன்தான் வெந்நீர் சுமக்கிறான். உள்ளே கையை விட்டுப் பார்த்தது கிடையாது.

அந்த வருஷம் சாமை பொய்த்துவிட்டது. இந்த இரண்டு மாதக் கூலியில்தான் பெண்டாட்டி செல்லியும் மூன்று பிள்ளைகளும் பங்குனி வரை கஞ்சி குடிக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொட்டிகள் நிறையாவிட்டால் மேனேஜர் துரை வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார். போன வாரம் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்த வீரன் திரும்பி வந்தபோது அவன் காவடி இன்னொருத்தன் தோளில் இருந்தது.

ரூம் பட்லர் சவுரியப்பன் சத்தம் கேட்டு வந்தார். கோவிலூர்க்காரர், ஐம்பது வயது, பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை. தட்டும் கோப்பையும் தவிர வேறெதையும் தூக்கியறியாத கை.

"என்னய்யா, தரையில எதைத் தேடற?"

"இடுப்பு புடிச்சிக்கிச்சுங்க பட்லரே. நிமிர வரல."

"நிமிராத ஆளு அஞ்சு மணிக்கு எப்பிடிய்யா தண்ணி சொமப்ப?"

கரியனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. குனிந்திருந்ததால் அது நேராகத் தரையில் விழுந்தது. சவுரியப்பன் அதைப் பார்த்தார். துரைமார்கள் வேட்டைக்குப் போயிருந்தார்கள், பொழுது சாயாமல் திரும்ப மாட்டார்கள்.

"ஏழாம் நம்பர் காலி. வா."

"எதுக்குங்க?"

"காஞ்ச புளிய எப்பிடி எளக்குவாங்க? சுடுதண்ணியில ஊறப் போட்டுத்தானய்யா."

அவனைச் சுவரோரமாக நடத்தி மேலே ஏற்றிவிட்டு, அவரே பின்படி வழியாக எட்டு டின் சுமந்தார். மூன்றாம் நடையில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. நாலாம் நடையில் அவர் மூச்சு கொல்லன் துருத்தியாகியிருந்தது.

கோவணத்தோடு உள்ளே இறங்கினான் கரியன். கழுத்து வரை வெந்நீர். பிறந்ததிலிருந்து அவன் உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் சூடாக இருந்ததில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் முதுகு குளிரும், முதுகைக் காட்டினால் நெஞ்சு குளிரும். இப்போது எந்தப் பக்கமும் குளிரவில்லை. செருகிய கடப்பாரையை யாரோ கொஞ்சம் கொஞ்சமாக உருவினார்கள்.

"யாரது மேலே?" படியடியில் மேனேஜர் துரையின் குரல்.

சவுரியப்பன் பிரஷைப் பாய்ந்து எடுத்துத் தொட்டியின் வெளிப்புறத்தைப் பரபரவென்று தேய்த்தார். "தொட்டி கழுவறேன் சார்!" என்று கத்திவிட்டு, "தும்மிக் கிம்மித் தொலைக்காத" என்று முணுமுணுத்தார். பூட்ஸ் சத்தம் மூன்று படி ஏறியது. நின்றது. இறங்கிப் போனது. இன்னும் பத்துப் படி ஏறியிருந்தால் இருவர் வேலையும் அன்றோடு சரி. 

தண்ணீர் வடிந்ததும் தொட்டியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் நின்றது.

"பாருய்யா ஒன் அழுக்க! இதுல ஒரு மொழம் கேவுரு வெதைக்கலாம்."

சொன்னவரே மண்டியிட்டு அதைத் தேய்த்தும் எடுத்தார். ஐந்து மணிக்கு ஆளுக்குப் பாதியாகச் சுமந்து தொட்டிகளை நிரப்பினார்கள்.

"எங்க மலையில, நம்ம காட்டுல ஒரு நாள் ஒழச்சவன் காட்டுல நாம ஒரு நாள் ஒழச்சிக் குடுக்கணுங்க" என்றான் கரியன். "எட்டு டின்னுங்க. எப்ப வேணும்?"

"எனக்கு இடுப்பு புடிக்கட்டும், சொல்லி அனுப்பறேன் போ."

சொல்லி அனுப்பவில்லை. பங்குனி வரை கரியன் வீட்டு அடுப்பில் கஞ்சி கொதித்தது. சவுரியப்பன் தை கடைசியில் பெட்டியோடு மலையிறங்கினார். அடுத்த குளிருக்குள் சண்டை வந்துவிட்டது, துரைமார்கள் பட்டாளத்துக்குப் போனார்கள், ஓட்டல் திறக்கவேயில்லை. கரியன் தேன் விற்கத் தருமபுரிக்குப் போனபோதெல்லாம் கோவிலூருக்கும் நடந்து விசாரித்தான். எங்கேயோ வேலைக்குப் போனார் என்றார்கள், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் வருஷ மார்கழியில் ஓட்டல் சாமான்களை விற்றார்கள். ஏழாம் நம்பர்த் தொட்டியை இறக்க மறுபடியும் பத்துப் பேர். பாதி வழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். தீர்த்தன் மூன்று விரல் மிஞ்சிய காலால் அதை ஓர் உதை உதைத்தான். கரியன் உள்ளே கையை வைத்தான். பீங்கான் பனி போலச் சில்லிட்டது. கையை எடுக்கவில்லை.

"என்ன மாமா இந்தத் தடவு தடவற? அக்கா கன்னமா அது?" என்றான் தீர்த்தன்.

"எட்டு டின்னு வெந்நீருடா" என்றான் கரியன். "பட்லருக்குக் குடுக்கணும். இன்னும் குடுக்கல."