பொதுச் சுவர்

என் அண்ணன் ஆறுச்சாமிக்கு ஐம்பது வயதில் வீட்டுப் பைத்தியம் பிடித்தது. மற்றவர்களுக்கு அந்த வயதில் சர்க்கரை வரும், முழங்கால் வலி வரும். இவருக்குப் பாரம்பரியம் வந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் செட்டுக்கு வார்ப்பு ஊற்றிக்கொண்டிருந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமையானால் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்கு வந்து தேக்குத் தூண்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்.

தூண்கள் எங்கள் தாத்தா வீட்டுத் தூண்கள். அவர் பருத்தி வியாபாரத்துக்குக் கோயமுத்தூர் வந்தபோது பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கட்டிய தொட்டிக்கட்டு வீடு அது. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மண்சுவர், சுண்ணாம்புப் பூச்சு. என் வீட்டுக்காரர் காங்கேயம் ரோட்டில் லாரி மோதிப் போன பிறகு நான் அங்கேதான் தனியாக இருந்தேன். தொண்ணூறுக்கு அப்புறம் எங்கள் சந்தில் ஒவ்வொரு வீடாக இடித்து ஷட்டர் வைத்த காம்ப்ளெக்ஸ் எழும்பியது. எங்கள் வீட்டுக்கும் ஆள்மேல் ஆள் வந்து விலை கேட்டார்கள். அண்ணன் ஒரே பேச்சில் மாட்டேன் என்றுவிட்டார். அந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் பெருமைதான். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊரில் நாலு பெரிய மனிதர்கள் சேர்ந்து பழைய கட்டடங்களைக் காப்பாற்ற ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதற்கு அண்ணன் தலைவரானார். கூட்டத்தில் யாரோ ஒரு பேராசிரியர், கட்டடத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது, அதில் நடந்த வாழ்க்கையையும் காப்பாற்ற வேண்டும் என்று பேசியிருக்கிறார். அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சின்ன மகள் பிரவீனாவுக்கு ஐப்பசியில் கல்யாணம் வைத்திருந்தது. மாப்பிள்ளை வீடு காங்கேயத்தில் எண்ணெய் மில்காரர்கள். கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸை விட்டுவிட்டு, கல்யாணம் நம் வீட்டு முற்றத்திலேயே நடக்கும் என்றார். ஐயர் கிடையாது, அந்தக் காலம்போல நம் சனத்துப் பெரியவரான அருமைக்காரர்தான் நடத்தி வைப்பார், நாவிதர் நின்று வாழ்த்துப் பாடுவார், மாப்பிள்ளையோடு அவர் சகோதரி உட்கார்ந்து செய்கிற இணைச்சீர் உட்பட ஒரு சீர் விடாமல் செய்ய வேண்டும் என்றார். பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க வருவதாகவும் ஏற்பாடு. பிரவீனா ஏசி மண்டபம்தான் வேண்டுமென்று இரண்டு நாள் அழுதாள். பாரம்பரியத்துக்கு முன்னால் அவள் அழுகை எடுபடவில்லை.

பழைய முறை என்றால் எல்லாமே பழைய முறைதானே. மூத்தவள் கல்யாணம் மண்டபத்தில் நடந்தபோது நான் பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை அண்ணன் என் முன்னால் வந்து உட்கார்ந்து, தலையைச் சொறிந்து, காபி குடித்து, ஊர்க்கதை பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். சீர் நடக்கிற நேரத்தில் நான் பின்கட்டில் இருந்துகொண்டால் தேவலையாம். பெரியவர்கள் யாராவது மனசு சங்கடப்படுவார்களாம். சரிங்ணா என்றேன். தூணை மட்டுமா மெழுகு போட்டு எடுத்தார், மூலையில் கிடந்த இந்த வழக்கத்தையும் தூசி தட்டி எடுத்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன்.

இதைப் பக்கத்து வீட்டு பக்ருன்னிசா அக்காவிடம்தான் சொன்னேன். இரும்புச் சாமான் கடை வைத்திருந்த யாகூப் பாயின் மனைவி. நான் தாலியறுத்து இந்த வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு மாசம் அடுப்புப் பற்ற வைக்காமல் கிடந்தேன். இரண்டு வேளையும் சோறு கொண்டு வந்து, உண்ணும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். வருஷம் திரும்பியதும் ஈரோட்டுக்குக் கூட்டிப்போய் நீலத்தில் ஒரு சீலை எடுத்து, வெள்ளையைக் கழற்ற வைத்தவரும் அவர்தான். நான் பின்கட்டு விஷயத்தைச் சொன்னதும் அக்கா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு, நான் முன்னால் வராத கல்யாணத்துக்குத் தானும் முன்னால் வரப்போவதில்லை, தாலி ஏறியதும் இரண்டு பேரும் ஒரே இலை வரிசையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார்.

அவர் சமையலறைக்கும் எங்கள் பின்கட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பொதுச் சுவர். தாத்தா காலத்தில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து மண் குழைத்து எழுப்பியது. இந்தப் பக்கம் எங்கள் கூரை, அந்தப் பக்கம் அவர்கள் கூரை, இரண்டுக்கும் மேலே அதன் தலை எழும்பி நிற்கும். ஒருவரைக் கேட்காமல் மற்றவர் ஆணிகூட அடிக்க மாட்டார்கள்.

அண்ணன் கல்யாணத்துக்காக வீட்டைப் புதுப்பித்தபோது, எங்கள் பக்கத்துச் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு வழவழவென்று சிமெண்ட் பூசினார். வீடியோவில் பளிச்சென்று தெரிய வேண்டுமே. சுவரின் தலைமேல் மழைக்குக் காப்பாக இருந்த ஓட்டு வரிசை கறுத்துப் போயிருந்தது. அதையும் எடுத்துவிட்டார். கேரளாவிலிருந்து பூப்போட்ட ஓடு வரும் என்றார். ஓடு வரவில்லை, மழை வந்தது. அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்து விட்டு விட்டுக் கொட்டியது. தண்ணீர் சுவரின் தலைவழியாக உள்ளே இறங்கியது. எங்கள் பக்கம் சிமெண்ட் அதை வெளியே விடவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் சமையலறைப் பக்கம் சுவர் வயிறு தள்ளியிருந்தது. கை வைத்தால் ஈரம் ஒட்டியது. அலமாரியில் அடுக்கிய பாத்திரங்களெல்லாம் முன்னால் சாய்ந்து நின்றன.

நான் அன்றைக்கே அண்ணனை வரவழைத்தேன். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். வார்ப்புப் பட்டறைக்காரருக்கு இது புரியாமல் இல்லை. சுவரை மேலிருந்து இறக்கிவிட்டுத் தற்காலிகமாகத் தகரம் அடைக்க வேண்டும் என்று அவரே சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள் முகம் மாறிவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் வாசலில் பந்தக்கால் நட்டிருந்தோம்.

"பந்தக்கால் நட்ட ஊட்ல கடப்பாறை படக் கூடாதம்மணி. கல்யாணத்துக்கு முன்னால செவுத்த இடிச்சானுங்கற பேச்சு நமக்கு வேண்டாம்" என்றார்.

போன வருஷம்வரை இவருக்குப் பந்தக்காலும் தெரியாது, பாழுங்காலும் தெரியாது. அதை அப்படியே முகத்துக்கு நேராகச் சொன்னேன். செவுரு விழுந்தால் எந்தப் பேச்சு வரும் என்றும் கேட்டேன். அவர் பக்கத்தில் நின்ற யாகூப் பாயின் பக்கம் திரும்பினார். பாய் கொஞ்சமும் யோசிக்காமல், கல்யாணம் நல்லபடியாக முடியட்டுங்க, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. பட்டறை மேனேஜர் கோவிந்தராஜுலுவைக் கூப்பிட்டுச் சுவரின்மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டுக் கட்டச் சொன்னார்.

அண்ணன் போனதும் பாயைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் வீட்டுப் பொம்பளை நிற்கிற இடம், உங்களுக்கு வாய் இல்லையா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அயோத்தி சமாச்சாரத்துக்கு அப்புறம் காலம் எப்புடி இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? கல்யாண ஊட்டுச் செவுரு உளுந்துருமுன்னு நான் சொன்னா, பந்தல்ல உக்காந்திருக்கற நாலு பேரு அதை எப்புடிங்க எடுத்துக்குவாங்க?"

அண்ணன் ஊர்ப்பேச்சுக்குப் பயப்படுகிறார், பாய் காலத்துக்குப் பயப்படுகிறார். மரியாதை மட்டும் இரண்டு பக்கமும் குறையவில்லை. நான் அக்காவை அந்த அறைக்குள் போகவே கூடாது என்று மிரட்டினேன். அவர் அடுப்பைக் கொல்லைக்கு மாற்றினார். ஆனால் அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் உள்ளேதான் இருந்தன. ஒரு நாளைக்கு ஒரு தடவைகூட உள்ளே போகாமல் எப்படி இருக்க முடியும்?

முகூர்த்த நாளன்று காலையில் வானம் வெளிவாங்கியிருந்தது. எல்லோரும் அதை நல்ல சகுனம் என்றார்கள். வீடு உண்மையிலேயே அழகாக இருந்தது. முற்றத்தில் வாழையும் கரும்பும் கட்டி, தூண்களுக்கு மாவிலை சுற்றி, அருமைக்காரர் தலைப்பாகையோடு நடுவில் நின்றார். பின்கட்டுக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கண் கலங்கிவிட்டது. நாதஸ்வரமும் தவிலும் ஒரு பக்கம், சந்தில் வேட்டு ஒரு பக்கம். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சுவர் விழுந்தது. முற்றத்தில் இருந்தவர்கள் அதையும் ஒரு வேட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குக் காலடியில் தரை அதிர்ந்தது.

திரும்பிப் பார்த்தால் சுவர் இருந்த இடத்தில் வெளிச்சம். சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாக அந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் அக்காவின் மருமகள் ரம்ஷா, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாமியார் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவள் பார்த்த இடத்தில் போய்த் தோண்ட ஆரம்பித்தேன். கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் புதுச் சட்டையோடு நின்றிருந்த பாய் ஓடிவந்தார். அடுத்த வீட்டு அக்பர் அலி மண்வெட்டியோடு வந்து, எங்கே படுமோ என்று பயந்து அதைத் தூரப் போட்டுவிட்டுக் கையால் அள்ளினார். ஈர மண் கனமாக இருந்தது. அக்காவை வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. வாயிலிருந்த மண்ணை எடுத்துவிட்டு நெஞ்சை அழுத்திப் பார்த்தோம். கையைப் பிடித்துப் பார்த்த அக்பர் அலி, பிறகு அக்காவின் கண்களை மூடிவிட்டார்.

ரம்ஷா அலறப் போனாள். வாயைத் திறந்துவிட்டாள். யாகூப் பாய் எட்டி அவள் வாயைப் பொத்தினார்.

"வேண்டாங் கண்ணு. அங்க தாலி ஏறலை."

சத்தம் பின்கட்டிலிருந்து வந்ததைக் கவனித்த அண்ணன் அந்த நேரத்துக்குள் இடிந்த சுவரோரம் வந்துவிட்டார். பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் மாலை. கீழே கிடத்தியிருந்த அக்காவைப் பார்த்தார். அக்கா போய்விட்டார் என்று நான் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பொய்யாக அழவில்லை, அது எனக்குத் தெரியும். சின்ன வயதில் இதே சுவர்மேல் ஏறி உட்கார்ந்து யாகூப் பாயோடு கொய்யாக்காய் தின்றவர். என்னவோ கேட்க வந்து, கேட்க முடியாமல் பாயைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நீங்க போயி ஆகறதப் பாருங்க கவுண்டருங்க. நாங்க சத்தம் போட மாட்டோம்" என்றார் பாய்.

அண்ணன் போனார். போகிற வழியில் கோவிந்தராஜுலுவிடம் என்னவோ சொன்னார். கோவிந்தராஜுலு பந்தலில் மீதியிருந்த சிவப்புச் சாமியானாத் துணியைக் கொண்டு வந்து, எங்கள் பக்கம் பார்க்காமலேயே இடைவெளியில் மறைத்துக் கட்டினார்.

அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். முகத்திலிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் நாவிதர் வாழ்த்துப் பாட ஆரம்பித்தார். நல்ல குரல். மணமக்கள் வாழ வேண்டும், குலம் தழைக்க வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகப் பாடினார். ஒவ்வொரு அடியும் முடியும்போது ஒரு தவில் அடி. இது எப்போது முடியும், எப்போது முடியும் என்று தவில் அடியை எண்ணிக்கொண்டிருந்தேன். பாய் ஒரு கையால் ரம்ஷாவின் வாயைப் பொத்தியபடி, இன்னொரு கையால் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரம்ஷாவின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்கு அண்ணன்மேல் கோபம் வந்தது. பாய்மேல் அதைவிட அதிகமாக வந்தது. இந்த மரியாதையைத் தூக்கி அடுப்பில் போட்டிருந்தால் அக்கா இப்போது உயிரோடு இருந்திருப்பார்.

கெட்டிமேளம் முழங்கியது. வேட்டுப் போட்டார்கள். எல்லாம் ஓய்ந்ததும் பாய் கையை எடுத்தார். அழு கண்ணு, ஆச்சு என்றார். ரம்ஷா அழவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் அழுதேன். என் வீட்டுக்காரர் செத்ததற்குக்கூட நான் அப்படி அழுததில்லை. அக்கா, அக்கா என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

துணிக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. மாப்பிள்ளையின் அப்பா, யாரோ அழுகிற மாதிரி கேட்கிறதே என்று விசாரித்தார். அப்புறம் என் அண்ணன் குரல் கேட்டது.

"அது பக்கத்து ஊட்லீங்க."

அக்காவின் தலையை ரம்ஷாவின் மடிக்கு மாற்றினேன். எழுந்து போய் அந்தத் துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஒரு பக்கம் அறுந்து விழுந்தது. திறந்து கிடந்த பின்கட்டுக் கதவு வழியாகப் பொண்ணு, மாப்பிள்ளை, அருமைக்காரர், போட்டோக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலை முதல் கால்வரை மண்ணோடு அவர்கள் முன்னால் நின்றேன்.

"நம்ம ஊட்லதானுங்ணா" என்றேன்.