லேபர் பக்கம்

விருதுநகரில் மிளகாய்வத்தல் கிட்டங்கிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சட்டக்கல்வி நிலையம். இயக்குநர் சீனிவாசகம் 'தொழிலாளர் உரிமை' என்று தொடங்கினாலே தும்மல் வந்துவிடும். உரிமையை அவர் ஒருநாளும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை.

அங்கே இரண்டு பட்டயப் படிப்புகள்: நிர்வாகப் பக்கம், லேபர் பக்கம். புத்தகம் ஒன்றேதான், நிர்வாகப் பக்கத்துக்கு மட்டும் டை உண்டு. எதில் சேர்வதென்று குழம்பியவர்களை வேனில் ஏற்றி, அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றைக் காட்டக் கூட்டிப்போனார். வேனில் இருந்த மாரிசெல்விக்குப் பகீரென்றது. அது அவள் வேலை பார்க்கும் கம்பெனி.

திரி வெட்டிக்கொண்டே தபாலில் பி.ஏ. முடித்தவள். சட்டம் படிக்கப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளோடு உட்கார்ந்து யாரும் தூக்குவாளி திறப்பதில்லை. போர்மேனுக்கு அவள் யூனியன்காரி. கூட வேலை பார்த்தவர்களுக்கு, முதலாளி ஆளாகப் போகிறவள்.

வேன் வாசலில் நின்றது. சீனிவாசகம் டையைச் சரிசெய்தபடி இறங்கினார். உள்ளே விசில் பறந்தது. டை கட்டிய யார் வந்தாலும் அங்கே இன்ஸ்பெக்டர்தான். பதிவில் பேரில்லாத ஆட்கள் பின்வாசல் வழியே உடைமரக் காட்டுக்குள் ஓடிப் பதுங்குவது கம்பெனி வழக்கம். வேனிலிருந்து குதித்து மாரிசெல்வியும் ஓடினாள்.

உடைமரத்தடியில், கூட வேலை பார்க்கும் ராமுத்தாய் மூச்சு வாங்கினாள்.

"ஏட்டி, நீ எதுக்கு ஓடியார? ஆபீசர் வேன்லதான வந்தே?"

"விசில் கேட்டுச்சுல்லக்கா. காலு ஓடிருச்சு."

"நல்லா ஓடுச்சு போ! வக்கீலம்மா, தள்ளி நில்லு தாயி. ஒன்னயத் தேடி அவுக இங்கன வந்தா நாங்களும்ல மாட்டுவோம்."

எல்லோரும் அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்கள். பழைய மரத்தடியில் மாரிசெல்வி மட்டும் நின்றாள்.

அவள் வேனுக்குத் திரும்பி வந்தபோது சீனிவாசகம் பூரித்துப்போயிருந்தார். "பாத்தீங்களா? பதிவில்லாத ஒரு ஆள் கிடையாது! எங்கம்மா போனீங்க? பிராக்டிகலை விட்டுட்டீங்களே. சரி, எந்தப் பக்கம்?"

மற்ற எல்லோரும் நிர்வாகப் பக்கம் சொல்லியிருந்தார்கள்.

"லேபர் பக்கம் சார்."

"அந்த பேட்ச்சுக்கு நீங்க ஒரு ஆள்தான். புத்தகம் தாரேன், நீங்களே படிச்சுக்கிடுங்க. ஒருத்தருக்காக ஃபேன் போட முடியாதும்மா."

வேன் உடைமரக் காட்டைக் கடந்தபோது புதருக்கு மேலே தலைகள் தெரிந்தன. மாரிசெல்வி ஜன்னல் வழியாகக் கையை அசைத்தாள்.

தலைகள் சட்டென்று குனிந்துகொண்டன.