பேபியின் காதுக்கு என் பல்

என் மனைவி பிரகாசிக்கு டாக்டரிடம் போவது பிடிக்கும். தும்மினால் போவாள். தும்மல் நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று கேட்கப் போவாள். பூசைக்கு உடுத்தும் சேலையை உடுத்தி, மருந்துக் குப்பியைக் கழுவிப் பையில் வைத்து, மகள் பேபிக்கு ரிப்பன் கட்டி, குதிரைவண்டியில் கிளம்புவாள். டாக்டர் கிளாட்வின் அவள் நாக்கைப் பார்த்து முடித்ததும் பேபி தன் நாக்கை நீட்டுவாள். அதற்கும் ஒரு டானிக் உண்டு. கம்பவுண்டர் குப்பியில் சிவப்பு மருந்தை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்ட ஓரம் வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுப்பார். எங்கள் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே மலர்கள் இருந்த நாட்களைவிடக் குப்பிகள் இருந்த நாட்கள் அதிகம்.

நான் போனதில்லை. காய்ச்சலோடு துறைமுகத்துக்குப் போய்க் கொழும்புத் தோணிகளுக்குச் சரக்குச் சீட்டு எழுதியிருக்கிறேன். கடைவாய்ப் பல் வலித்தால் ஒரு கிராம்பு. வலி கூடினால் இன்னொரு கிராம்பு. இதை வைராக்கியம் என்று சொன்னவர்கள் உண்டு. வெறும் சோம்பல்தான்.

சென்ற நவம்பரில் பிரகாசிக்கு டைபாய்டு வந்தது. உரிய நேரத்தில் டாக்டரிடம் போனாள். சொன்ன மருந்தைச் சொன்ன வேளையில் குடித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்கள். சேர்ந்தாள். இறந்தாள்.

பெரியதாழையிலிருந்து என் அக்கா பிளாரன்ஸ் வந்து எங்களோடு தங்கினாள். பேபியின் காதைக் கவனித்ததும் அவள்தான்.

“ஏலே, இவ தலையணையப் பாரு. பூரா சீழு. காதுக்குப் பின்னால எலுமிச்சங்காய் கணக்கா வீங்கிக் கெடக்கு.”

“வலிக்குதாம்மா?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் பேபி. நான் சொல்வது போலவே சொன்னாள். அவள் வாயில் கிராம்பு மணந்தது. காது வலிக்கு அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது.

டாக்டர் கிளாட்வினை வீட்டுக்கே அழைத்து வந்தேன். அவர் பையைத் திறப்பதற்குள் பேபி கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அவர் மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“கீறிச் சீழை எடுக்கணும். நாளையத் தாண்டக் கூடாது. எலும்புக்குள்ள போயிட்டா அடுத்து மூளைதான்.”

“தூக்கிட்டு வரட்டுமா?”

“அமுக்கிப் பிடிச்சு வெட்டுற இடம் இல்ல சார் அது. தலை ஆடினா நரம்புல பட்டுரும். அவளா வந்து அசையாம உக்காரணும்.”

அவர் போனபின் அக்கா கட்டிலருகே குனிந்தாள்.

“மக்ரூன் வாங்கித் தாரேன், வாளா.”

“எனக்கு வேண்டாம்.”

“காது செவிடாப் போயிரும், பாத்துக்கோ.”

“போட்டும். நீங்க பேசுறது கேக்காதுல்லா.”

அக்கா சேலை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் தரையில் உட்கார்ந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து காரணம் வந்தது.

“அம்மா எப்பப் பாத்தாலும் டாக்டர்ட்ட போனா. செத்துப்போனா. நீங்க ஒரு நாளும் போகல. இருக்கீங்க.”

பாளையங்கோட்டைக் கல்லூரியில் தர்க்கத்தில் நான் வகுப்பிலேயே முதல். இரண்டு உதாரணங்களை வைத்து விதி செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிந்த உலகத்தில் உதாரணங்களே இரண்டுதான்.

“நான் டாக்டர்ட்ட போயிட்டு உசிரோட வந்தா, நீ வருவியா?”

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து என் வேட்டி நுனியைப் பிடித்தது.

“போகாதீங்க.”

“வந்தா?”

“வந்தாப் பாப்போம்.”

மறுநாள் காலையில் சட்டையை மாட்டினேன். அக்கா நம்பவில்லை. “நீயா போற? அந்த மனுசன் மயங்கி விழுந்துராம பாத்துக்கோ.”

டாக்டர் மயங்கவில்லை. “உங்க வீட்டம்மா நாக்கை நான் கணக்கில்லாமப் பாத்திருக்கேன். உங்க வாயை இன்னைக்குத்தான் பாக்கேன்,” என்றார். பார்த்ததும் குறடை எடுத்தார். கடைவாய்ப் பல் பாதியில் உடைந்தது. வேரைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. இரத்தம் நிற்க அடைப்பாகப் பஞ்சை வைத்து, மாலைவரை வாயைத் திறக்கக் கூடாது என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா அலறினாள். “மாதாவே! உசிரோட வாரேன்னு சொல்லிட்டுப் போனவன் வார கோலமாலே இது?”

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலை நீண்டது. பேபி என் சட்டையின் சிவப்பைப் பார்த்தாள். வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். நான் சிரிக்க முயன்றேன். கடைவாயில் இரத்தம் வழிந்தது. என் நிரூபணம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் வெளியே வந்தாள்.

“நீங்களும் போயிட்டீங்க,” என்றாள். மூலைக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“ஏளா, எங்க கெளம்பிட்ட?” என்று அக்கா கேட்டாள்.

“டாக்டர்ட்ட. அப்பாவும் சாகப் போறாருல்லா. நான் மட்டும் இங்கன இருந்து என்ன செய்ய?”

அக்கா பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையை உயர்த்தி அவளைத் தடுத்தேன்.

வண்டியில் பேபி என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கிளினிக்கில் தானாகவே ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். கத்தி பட்டபோது தலை அசையவில்லை. கண் மட்டும் என்மீது இருந்தது, எனக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது போல.

டாக்டர் கட்டுப் போட்டுவிட்டுக் கை கழுவினார். சீழ் முழுக்க வந்துவிட்டது, எலும்பு தப்பித்தது, காதும் கேட்கும் என்றார். பிறகு என் தோளைத் தட்டினார்.

“எப்படி உக்காந்திருந்தா, பாத்தீங்களா? பெத்தவங்க முன்னால வந்து காட்டிட்டா பிள்ளைகளுக்குப் பயமே போயிரும். இதத்தான் வாரவங்க எல்லார்ட்டயும் நான் தலைபாடா அடிச்சுக்கிடுதேன்.”

வாய் நிறையப் பஞ்சு. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.