அளவுக் குவளை

அக்கா மூத்திரப் பையின் அடித்திருகைத் திறந்து அளவுக் குவளையில் வடித்தாள். குவளையின் அடி நனைந்ததோடு சரி. அதுவும் தேநீர் டிகாக்‌ஷன் நிறம்.

"பொறந்தப்பவும் நீதான் என் ஈரத்துணிய மாத்துன," என்றான் கட்டிலில் கிடந்த தம்பி. "இப்பவும் உன் தலையிலதான் விடிஞ்சிருக்கு."

"மூத்திரம் நின்னாலும் உனக்கு வாய் நிக்கலடா. பேசாமப் படு."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கிருமி சிறுநீரகம் வரை போய்விட்டது, மூத்திரம் குவளையில் போட்டிருக்கிற கோடு அளவுக்கு வராவிட்டால் இன்றே டயாலிசிஸ் என்று காலையில் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் புருஷனையும் அந்த மெஷினுக்குத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தது அவர் துணிமணி மட்டும்.

வார்டில் ஆள் பற்றாக்குறை. கூட இருப்பவர்களே வடித்துக் காட்ட வேண்டும். அவள் குவளையோடு கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். கோட்டுக்கு மேலே நிரப்பிக்கொண்டு வந்து நர்ஸிடம் நீட்டினாள்.

"அட, பரவாயில்லையேம்மா!" என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

டாக்டர் மெஷினைத் தள்ளிப்போட்டார். வெளியே போகிற அளவுக்கு ஈடாக டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். அடுத்த முறையும் அக்கா குழாயைத் திறந்தாள். டிரிப்ஸ் இன்னும் வேகமாக இறங்கியது.

சாயங்காலம் தம்பியின் முகம் உப்பிவிட்டது. மோதிரம் விரலுக்குள் புதைந்திருந்தது. "மூச்சு முட்டுதுக்கா," என்றான். நெஞ்சுக்குள் கொரகொரவென்று சத்தம்.

ஓடி வந்த நர்ஸுக்குக் கணக்கு உதைத்தது. "இவ்வளவு போயும் எப்படி வீங்கும்?" குனிந்து பையைப் பார்த்தாள். கடைசியாக வடித்து வெகு நேரமாகியும் அது சப்பையாகத் தொங்கியது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"தண்ணி கலந்தேன்," என்றாள் அக்கா. "மெஷினுக்குக் கொண்டு போயிடுவீங்கன்னு பயந்து..."

"ஐயோ! நீங்க குவளையில ஊத்துன அளவுக்கு நாங்க அவர் ஒடம்புல ஏத்தியிருக்கோமேம்மா!"

திட்டக்கூட யாருக்கும் நேரமில்லை. டிரிப்ஸைப் பிடுங்கினார்கள். ஆக்ஸிஜனை மாட்டிக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். முகமூடிக்குள் தம்பியின் வாய் அசைந்தது. கேலி பேசுகிறானா, அவளைக் கூப்பிடுகிறானா, தெரியவில்லை.

மெஷின் அறை வாசலில் அவன் சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பிழைப்பானா என்று அவள் கேட்கவில்லை. சட்டையை உதறி மடித்தாள்.